ஒளியாகிய உளி

மனிதன் முதன்முதலிற் கைக்கொண்ட கருவி கூரிய கல்லாகும். கல்லுக்குப் பின் வெண்கலம் வந்தது. வெண்கலத்துக்குப் பின் இரும்பு வந்தது. உளியும் வாளும், அரமும் அரிவாளும் இரும்பினால் உறுதி பெற்றன. இவற்றின் துணைகொண்டு மனிதன் வீடு கட்டினான், ஏர் செய்தான், தேர் சமைத்தான், வானளாவும் கோபுரங்களையும் எழுப்பினான். கருவி வளர வளர அவன் கைத்திறனும் வளர்ந்தது.

கருவி எதுவாயினும் அதனிடத்தில் நன்மையும் உண்டு, தீங்கும் உண்டு. பலாப்பழத்தைப் பிளக்கும் அரிவாள் விரலையும் பிளக்கும். எனினும், பழைய கருவிகளிடம் ஒரு நேர்மை இருந்தது. அவற்றின் கூர்மை கண்ணுக்குத் தெரிந்தது. தச்சுப் பட்டறையில் விளையாடும் சிறுவனும் உளியின் முனையைக் கண்டதும் விலகி நிற்பான். வாளின் ஓசை, 'அருகில் வாராதே' என்று எச்சரிக்கும். கொல்லன் உலையோ தன் செந்நிறத்தாலேயே தன் வெம்மையைப் பறைசாற்றும்.

இந்நாளில் பல நாடுகளின் பள்ளிப் பட்டறைகளில் புதிய கருவி ஒன்று இடம் பெற்றுள்ளது. அதற்கு அலகு இல்லை, பல் இல்லை, முனையும் இல்லை. அஃது ஒரு பெட்டிக்குள் இருந்து இயங்குகிறது. மெல்லிய ஒட்டுப்பலகையிற் பூவேலைப்பாடு ஒன்றை அறுத்தெடுக்க, கைவாளால் நெடுநேரம் செய்ய வேண்டிய வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. வெட்டுவது எது என்று உற்று நோக்கினும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. பலகையின்மேல் ஒரு சிறு சுடர் ஓடுவதும், மெல்லிய புகை எழுவதுமே தெரியும். இக்கருவியே லேசர் வெட்டு எந்திரம் எனப்படுவது. இவ்வுளியின் கூர்மை கண்ணுக்குத் தெரியாதது. ஆதலின், இதனைக் கையாள்வோர் கண்ணால் அறிய இயலாததை அறிவால் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

லேசர் என்பது ஒருவகை ஒளி. விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவும். பல நிறங்களின் கலவையாகவும் இருக்கும். திருவிழா முடிந்து கலைந்து செல்லும் கூட்டத்தை அதற்கு உவமையாகக் கூறலாம். லேசர் ஒளியோ, ஒரே அடி வைத்து ஒரே திசையில் அணிவகுத்துச் செல்லும் படையை ஒத்தது. அதன் அலைகள் ஒரே நீளம் உடையவை. ஒன்றோடொன்று இசைந்து செல்பவை. ஆகவே, ஒரு வில்லையின் உதவியால் அதனை மிகச் சிறிய புள்ளியிற் குவித்தல் இயலும்.

இத்தகைய ஒளியைப் பெறுதற்கு வித்திட்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஆவார். ஆற்றல் மிகுந்த நிலையில் உள்ள அணுவின்மேல் அதற்கு ஏற்ற ஒளி பட்டால், அவ்வணு தன் ஆற்றலை அதே வகை ஒளியாக வெளியிடும் என்னும் கருத்தை அவர் 1917-இல் விளக்கினார். அக்கருத்து நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. 1954-இல் சார்லஸ் டவுன்ஸ் என்பார் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தம் துணைவர்களோடு உழைத்து, நுண்ணலைகளை அம்முறையிற் பெருக்கும் கருவியை அமைத்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்னும் விஞ்ஞானி, செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழச் செய்தார்.

பள்ளிப் பட்டறைகளிற் பெரிதும் பயன்படும் லேசர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் தோன்றியது. அதனைக் கண்டறிந்தவர் குமார் படேல் என்பவர். இன்றைய மகாராட்டிர மாநிலத்தைச் சார்ந்த பாராமதி என்னும் ஊரில் 1938-இல் பிறந்த அவர், புனேப் பொறியியற் கல்லூரியிற் பயின்றார். பின்னர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்குப் பெல் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றியபோது, கரியமில வாயுவிலிருந்து லேசர் கதிரைப் பெறும் முறையை 1964-இற் கண்டார். கரியமில வாயுவோடு நைட்ரசனும் ஹீலியமும் கலந்து, குழாயில் அடைத்து, மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஆற்றல் மிக்க கதிர் வெளிப்படுகிறது. மனிதன் வெளிவிடும் மூச்சிலும், சோடா நீரின் குமிழிலும் உள்ள எளிய வாயுவே இரும்பின் வேலையைச் செய்யத் தொடங்கிற்று.

லேசர் ஒளி தொழிலிற் புகுதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 1965-இல் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்று வைரத்தில் துளையிட அதனைப் பயன்படுத்தியது. 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர், லேசர் கதிரோடு பிராணவாயுவையும் செலுத்தி எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். தொழிற்சாலையில் இருந்த கருவி காலப்போக்கிற் பள்ளிக்கும் வந்தது. 1990-இல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டன. நாளடைவில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றின் பட்டறைகளில் லேசர் எந்திரம் இடம் பெற்றது.

அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2001-இல் ஓர் ஆய்வு மையம் தோன்றியது. யாவரும் வந்து தம் கருத்திற்கு ஏற்பப் பொருள்களைச் செய்து பழகும் பட்டறைகளை அம்மையத்தார் உருவாக்கினர். அவை ஃபேப் லேப் எனப் பெயர் பெற்றன. அவற்றில் இருக்க வேண்டிய கருவிகளுள் லேசர் வெட்டு எந்திரமும் ஒன்று. அமெரிக்காவுக்கு வெளியே இத்தகைய பட்டறை முதன்முதல் அமைந்த இடங்களுள் ஒன்று, புனே மாவட்டத்துப் பாபல் என்னும் சிற்றூராகும். கைத்தொழிலின் வழியே கல்வி புகட்டுதலை நோக்கமாகக் கொண்டு 1983-இல் அங்குத் தொடங்கப்பெற்ற விஞ்ஞான ஆசிரமத்தில், 2002-இல் அப்பட்டறை அமைந்தது. குமார் படேல் பிறந்த பாராமதியும் அதே மாவட்டத்தில் உள்ளது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியாகும்.

இனி, எந்திரத்தின் அமைப்பினை அறிதல் வேண்டும். அமைப்பை அறிந்தவரே ஆபத்தையும் அறிவர். எந்திரத்தின் பின்புறத்தில் நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. கதிர் பிறக்கும் இடம் அதுவே. அதற்குப் பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் செலுத்தப்படுகிறது. குழாய் சூடேறாதவாறு தண்ணீர் அதனைச் சூழ்ந்து ஓடிக்கொண்டிருக்கும். குழாயிலிருந்து புறப்படும் கதிர், சிறு ஆடிகளில் பட்டுத் திரும்பி, நகர்ந்து செல்லும் தலைப்பகுதியை அடைகிறது. அங்குள்ள வில்லை அக்கதிரைக் குவித்துப் பலகையின்மேற் செலுத்துகிறது. மாணவன் கணிப்பொறியில் வரைந்த கோடுகளின் வழியே தலைப்பகுதி நகர, அக்கோடுகளின் வழியே பலகை வெட்டுப்படுகிறது. வெட்டப்படும் பொருள், தேனடையைப் போன்ற கண்ணறைகளை உடைய தகட்டின்மேல் வைக்கப்படும்.

எந்திரத்தின் கதிர் 40 வாட் திறனுடையது எனக் கொள்க. நாற்பது வாட் என்பது சிறு அளவாகத் தோன்றலாம். பழைய நாற்பது வாட் விளக்கின் அடியில் அமர்ந்து எத்தனையோ மாணவர் இரவெல்லாம் படித்தனர். எவருக்கும் தீங்கு நேரவில்லை. அவ்விளக்கின் ஆற்றல் அறை முழுதும் பரவியதே அதற்குக் காரணம். லேசர் எந்திரமோ அத்துணை ஆற்றலையும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியிற் குவிக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்பின், அவ்விடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,200 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் விழுவது தெரியவரும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைத் தருகிறது. அதாவது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே, லேசர் குவியும் இடத்தின் வெம்மை நண்பகல் வெயிலினும் பன்னிரண்டு இலட்சம் மடங்கு செறிவுடையது. உருப்பெருக்கும் வில்லையால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கிப் பார்த்த மாணவர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இவ்வெந்திரத்தால் நேரக்கூடிய தீங்குகளுள் மூன்று முதன்மையானவை. கண்ணுக்கு நேர்வது ஒன்று. தீயினால் நேர்வது ஒன்று. புகையினால் நேர்வது மற்றொன்று.

முதலிற் கண்ணைப் பற்றிய செய்தியைக் காண்க. ஒளியலையின் நீளத்தை மைக்ரோமீட்டர் என்னும் அளவால் அளப்பர். ஒரு மீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு மைக்ரோமீட்டர் ஆகும். மனிதக் கண் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை நீளமுள்ள அலைகளையே காணவல்லது. கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். அஃது அகச்சிவப்புக் கதிர்களுள் ஒன்று. ஆதலின் கண்ணுக்குப் புலப்படாது. கூசும் ஒளி பட்டால் கண் தானாகவே இமைத்துக்கொள்ளும். அஃது இயற்கை அளித்த காவல். காணாத கதிருக்குக் கண் இமைப்பது எங்ஙனம்? இயற்கையின் காவல் இங்குப் பயன்படாது. இக்கதிர் பட்டால், கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் தெளிந்த படலம் ஒரு நொடிக்குள் வெந்துபோகும். ஆடியைப் போன்ற உலோகப் பரப்பிற் பட்டுத் திரும்பி வரும் கதிரும் அத்தகைய தீங்கை விளைக்கும்.

லேசர் கருவிகளை அவற்றின் ஆபத்திற்கு ஏற்ப, உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட முறைப்படி, முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பகுத்துள்ளனர். முதல் வகுப்பு தீங்கற்றது. நான்காம் வகுப்பு மிகக் கொடியது. வெட்டு எந்திரத்தினுள் இருக்கும் லேசர் நான்காம் வகுப்பைச் சார்ந்தது. ஆயினும், முற்றும் மூடிய பெட்டிக்குள் அதனை அடைத்து, கதிர் வெளியே வாராதபடி செய்துவிட்டால், முழு எந்திரமும் முதல் வகுப்பில் வைத்து எண்ணப்படும். புலியைக் கூண்டில் அடைத்துவைத்தாற்போன்றது இது. புலி பசுவாக மாறிவிடவில்லை, கூண்டே காக்கிறது.

அக்கூண்டின் தாழ்ப்பாளாக விளங்குவது, எந்திரத்தின் மூடியோடு இணைந்த மின்விசையாகும். மூடி சிறிது திறப்பினும் அவ்விசை கதிரை உடனே நிறுத்திவிடும். வேலையின் வேகத்தை விரும்பும் சிலர், காந்தத் துண்டு ஒன்றை வைத்து அவ்விசையை ஏமாற்றி, மூடியைத் திறந்துவைத்தே எந்திரத்தை ஓட்டுவதுண்டு. இதனினும் பெரிய பிழை வேறில்லை. அவர்கள் ஏமாற்றுவது எந்திரத்தையன்று, தம் கண்களையே.

மூடியிற் பதித்துள்ள கண்ணாடி போன்ற பலகணியின் வழியே வேலை நடப்பதைக் காணலாம். அஃது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆயது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினும், 10.6 மைக்ரோமீட்டர் அலையை அது தன்னுள் புகவிடுவதில்லை. ஆனால், எல்லா லேசருக்கும் இது பொருந்தாது. சிறிய எந்திரங்கள் சிலவற்றில் நீலநிறக் கதிரை வீசும் லேசர் பொருத்தப்பட்டுள்ளது. நீல ஒளி தெளிந்த பிளாஸ்டிக்கை எளிதில் ஊடுருவும்; கண்ணினுள்ளும் புகுந்து, பின்புறத்து விழித்திரையைச் சுட்டுவிடும். அத்தகைய எந்திரத்திற்கு அக்கதிரைத் தடுக்கவல்ல நிறமூட்டிய மூடி வேண்டும். ஒரு லேசருக்கு உரிய காப்பு மற்றொன்றுக்கு உதவாது என்பதனை மறத்தலாகாது. வெட்டுமிடத்தில் எழும் சுடரையும் நெடுநேரம் உற்று நோக்குதல் கூடாது.

இரண்டாவது தீங்கு தீயாகும். லேசர் வெட்டுதல் என்பது உண்மையிற் பொருளை உருக்கியும் ஆவியாக்கியும் எரித்தும் வழியுண்டாக்குவதே. எரியும் பொருளும், காற்றும், வெப்பமும் கூடினால் தீ பிறக்கும். இம்மூன்றும் எந்திரத்தினுள் எப்போதும் கூடியே உள்ளன. வெட்டுமிடத்தை நோக்கி ஒரு சிறு குழாய் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அக்காற்று சுடரை அணைத்து, புகையையும் வில்லையினின்று விலக்கும். அக்குழாய் அடைபட்டாலும், தலைப்பகுதி தடைப்பட்டு ஓரிடத்திலேயே நின்றாலும், வேகம் குறைந்து ஆற்றல் மிகினும், சிறு சுடர் பெருந்தீயாக மாறும். அக்ரிலிக் தகடு ஒருமுறை பற்றிக்கொண்டால், கதிர் நின்ற பின்னும் தானே எரிந்துகொண்டிருக்கும். தேனடைத் தகட்டின் அடியிற் பல நாள் சேர்ந்து கிடக்கும் மரத்துணுக்குகளும் தீக்கு விருந்தாகும்.

ஆகையால், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதனை விட்டு அகலுதல் எவ்வாற்றானும் கூடாது. ஐந்து நிமிட வேலைதானே என்று எண்ணி அடுத்த அறைக்குச் செல்லலாகாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டுக் கடைவீதிக்குச் செல்வார் உண்டோ? வெட்டும் பொருளின்மீது எழும் சுடர் கதிரோடு கூடவே நகர்ந்து மறைந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. கதிர் நகர்ந்த பின்னும் சுடர் நின்று எரியுமாயின், உடனே அவசர நிறுத்தத்திற்குரிய சிவப்புக் குமிழை அழுத்துதல் வேண்டும். பதற்றத்தால் மூடியைத் திறத்தல் தவறு. திறந்தால் புதுக்காற்று புகுந்து தீயை வளர்க்கும். ஆசிரியரை அழைத்துவிட்டு, மாணவர் விலகி நிற்றல் வேண்டும். தீயை மூடி அணைக்கும் போர்வையும், கரியமில வாயுத் தீயணைப்பானும் எந்திரத்தின் அருகில் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். மின்சாரம் பாயும் கருவியின்மேல் தண்ணீரைக் கொட்டுதல் உயிருக்கே உலை வைக்கும்.

மூன்றாவது தீங்கு புகை. முன்னைய இரண்டினும் இது மறைவானது. கண் சுட்டால் அப்போதே தெரியும். தீப்பற்றினால் யாவரும் காண்பர். புகையோ மெல்ல மெல்ல உடலிற் புகுந்து ஊறு செய்யும். மரத்தை வெட்டினால் நுண்ணிய கரித்துகள்கள் எழும். மரநார்களைப் பசையிட்டு அழுத்திய பலகையாயின், அப்பசையிலிருந்து எரிச்சலூட்டும் ஆவியும் எழும். அக்ரிலிக்கை வெட்டும்போது கடுமையான மணமுள்ள ஆவி தோன்றும். இவற்றை எல்லாம் உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும், துகள்களையும் ஆவியையும் தடுக்கும் வடிகட்டிகளும் எந்திரத்தோடு இணைந்திருத்தல் வேண்டும். எந்திரத்திற்கு முன்பே விசிறியை ஓட்டுதலும், வேலை முடிந்த பின்னும் சிறிது நேரம் அதனை ஓடவிட்டு அதன்பிறகே மூடியைத் திறத்தலும் நன்முறையாகும். பட்டறையில் புகைமணம் வீசுமாயின், வடிகட்டி நிறைந்துவிட்டது அல்லது குழாய் கசிகிறது என்று அறிந்து வேலையை நிறுத்துதல் வேண்டும்.

எல்லாப் புகையும் ஒரு தன்மையன அல்ல. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மாணவன் ஒருவன் தன் தங்கையின் பிறந்தநாளுக்குப் பெயர்ப்பலகை ஒன்று செய்ய விரும்பினான் எனக் கொள்க. வீட்டிற் பழைய பெட்டிகளுக்கிடையே வெண்மையான பிளாஸ்டிக் தகடு ஒன்று கிடைத்தது. அது வழவழப்பாகவும் அழகாகவும் இருந்தது. அக்ரிலிக்கைப் போலவே தோன்றியது. காசு கொடுத்து வேறு தகடு வாங்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்து, அதனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். ஆசிரியர் அதனைக் கையில் வாங்கி, "தம்பி, இஃது என்ன பொருள்?" என்று வினவினார். "பிளாஸ்டிக் ஐயா" என்றான் அவன். "எந்தப் பிளாஸ்டிக்?" என்று அவர் மீண்டும் கேட்டார். மாணவனுக்கு விடை தெரியவில்லை. "பெயர் தெரியாத மருந்தைக் குடிப்பாயா? பெயர் தெரியாத பொருளையும் இவ்வெந்திரத்தில் இடுதல் ஆகாது" என்று கூறி, ஆசிரியர் அத்தகட்டை எடுத்துவைத்துவிட்டார். மாணவன் முகம் வாடியது.

ஆசிரியரின் மறுப்புக்குக் காரணம் உண்டு. குழாய்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் பயன்படும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கில் குளோரின் அடங்கியுள்ளது. லேசர் பட்டதும் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு வெளிப்படும். அஃது ஈரத்தோடு கூடினால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். மூக்கும் தொண்டையும் நுரையீரலும் ஈரமுள்ள இடங்கள் அல்லவா? ஆங்கு அமிலம் தோன்றினால் நேரும் துன்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. எந்திரமும் அதற்குத் தப்பாது. அதன் எஃகுத் தண்டுகள் துருவேறும். ஆடிகளும் வில்லையும் மங்கும். ஒரு சிறு தகட்டால் பெருவிலை பெற்ற எந்திரம் பாழாகும்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அத்தகட்டின் துணுக்கு ஒன்றைச் சோதனைக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். புகையை உறிஞ்சும் அடைப்பினுள், செம்புக் கம்பி ஒன்றை நெருப்பிற் காய்ச்சி, அத்துணுக்கைத் தொட்டு, மீண்டும் சுடரிற் காட்டினார். சுடர் பச்சை நிறமாயிற்று. பைல்ஸ்டைன் என்னும் வேதியியலாரின் பெயரால் வழங்கும் சோதனை இது. பச்சைச் சுடர், பொருளில் குளோரின் போன்ற தனிமம் உண்டு என்பதற்கு அடையாளம். ஆசிரியர் மட்டுமே செய்தற்குரிய இச்சோதனையை, மாணவன் கண்ணாடித் தடுப்பிற்கு அப்பால் நின்று கண்டான். மறுநாள் அவன் ஒட்டுப்பலகையிலேயே தங்கையின் பெயரை வெட்டிக்கொண்டான். விலை சில ரூபாய் கூடிற்று. வகுப்பு மாணவர் அனைவரின் மூச்சும் காப்பாற்றப்பட்டது.

பி.வி.சி. மட்டுமன்றி விலக்கத்தக்க பொருள்கள் வேறும் உள. செயற்கைத் தோல்களுள் பல பி.வி.சி.யினால் ஆயவை. ஒட்டாத பூச்சுக்குப் பயன்படும் டெஃப்ளான் ஃப்ளூரின் கலந்த நச்சு வாயுவைத் தரும். ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் செவ்வனே வெட்டுப்படாமல் உருகுவதோடு நச்சுப் புகையும் தரும். பாலிகார்பனேட் நிறம் கெட்டு எரியும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோலும் ஆகாது. பளபளப்பான உலோகத் தகட்டைப் பள்ளி எந்திரம் வெட்டாது. கதிரைத் திருப்பியே அனுப்பும். காகிதம், அட்டை, ஒட்டுப்பலகை, அக்ரிலிக், பருத்தித் துணி ஆகியவை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவன. ஏற்கத்தக்கவை, விலக்கத்தக்கவை என இரு பட்டியல்கள் எழுதி எந்திரத்தின் அருகில் தொங்கவிடுதல் நன்று. இரண்டிலும் இல்லாத பொருள் விலக்கத்தக்கதே என்று கொள்ளல் வேண்டும்.

வேலை செய்யும் முறை பின்வருமாறு அமைதல் தக்கது. எந்திரத்தின் சாவி ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும். பயிற்சி பெற்ற மாணவரே அவர் முன்னிலையில் எந்திரத்தை இயக்கலாம். தொடங்குமுன் பொருளின் பெயரையும் கனத்தையும் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். குளிர்நீர் ஓடுகிறதா, விசிறி சுழல்கிறதா, தேனடைத் தகட்டின் அடி தூய்மையாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பலகை வளைந்திருப்பின் தலைப்பகுதி அதில் முட்டும். ஆதலின் அது தட்டையாகக் கிடத்தல் வேண்டும். வில்லைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சரிசெய்து, மூலையில் ஒரு சிறு வட்டத்தை வெட்டிப் பார்த்து, ஆற்றலையும் வேகத்தையும் தேர்ந்துகொள்ளல் வேண்டும். வேலை முடிந்தபின் ஓரங்கள் ஆறும்வரை பொறுத்திருந்து பொருளை எடுத்தலும், துணுக்குகளைப் பெருக்கித் தூய்மை செய்தலும் கடமையாகும். பதறாத காரியம் சிதறாது என்பது இக்கருவிக்கு மிகவும் பொருந்தும் பழமொழி.

பின்புறத்து மூடியை மாணவர் எக்காரணத்தாலும் திறத்தல் கூடாது. அங்குள்ள மின்சாரம் உயிரைப் போக்கவல்லது. எந்திரத்தை நிறுத்திய பின்னரும் அதன் மின்பகுதிகளிற் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும். பழுது பார்த்தல் அத்துறையில் தேர்ந்தவரின் வேலை.

இவ்விதிகளைக் கண்டு இளைஞர் அஞ்சுதல் வேண்டா. விதிகள் கையைக் கட்டும் விலங்குகள் அல்ல. வயலைக் காக்கும் வேலிகள். அவற்றை உணர்ந்து பணியாற்றுவோர்க்கு இவ்வெந்திரம் இனிய தோழனாகும். கோபுரத்தின் மாதிரி, பாலத்தின் மாதிரி, பல்சக்கரம், படச்சட்டம், பார்வையற்றோர் தடவி அறியும் நிலப்படம் எனக் கருத்தில் எழுவதை எல்லாம் அது மரத்திலும் அக்ரிலிக்கிலும் வடித்துத் தரும்.

எந்திரத்திற்குக் கை உண்டு, கருத்து இல்லை. தன்முன் இருப்பது பலகையா, விரலா என்று அது வினவாது. எழுவது நற்புகையா, நச்சுப்புகையா என்றும் அஃது அறியாது. அவ்வேறுபாட்டை அறிந்து செய்தலே மனிதனின் பொறுப்பு. பழைய தச்சன் உளியை எடுக்குமுன் அதன் கூரை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தான். இவ்வொளியாகிய உளியை அங்ஙனம் தடவிப் பார்த்தல் இயலாது. விரலால் அறிய இயலாத அக்கூர்மையை எண்ணத்தால் அறிந்து, மூடியை மூடி, அருகில் நின்று, விழிப்போடு வேலை செய்யும் மாணவனே சிறந்த தொழிலாளி ஆவான். அவன் கையிற் கருவியும் சிறக்கும். கருவியால் அவனும் சிறப்பான்.